ஆரஞ்சு உடுப்புக்காரர்கள்: கலிஃபோர்னியப் பயணக் குறிப்புகள்

2025 அக்டோபர் 24, வெள்ளி: ஆல்டடீனா

பாசடீனாவில் அண்ணன் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். வாசலில் நின்றால் சான் கேப்ரியல் மலைத்தொடர் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. மலைக்கும் இவள் வீட்டுக்கும் நடுவே இருக்கும் ஊர்தான் ஆல்டடீனா. கடந்த ஜனவரி 7-ஆம் தேதி மாலை ஈட்டன் பள்ளத்தாக்கில் பற்றிய தீ, சாண்டா ஆனா என்று இவ்வூரார் அழைக்கும் வறண்ட பாலைக்காற்றின் முதுகிலேறி வந்து, விடிவதற்குள் இந்த ஊரின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. 9,400-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் லேக் அவென்யூவுக்கு மேற்கே குடியிருந்தவர்கள். கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சொந்த வீடு கட்டி வாழ்ந்த அந்தப் பகுதிக்கு, வெளியேறச் சொல்லும் உத்தரவு பல மணி நேரம் தாமதமாகவே வந்தது.

இப்போது அங்கே இடிபாடுகள் இல்லை, எல்லாம் அள்ளப்பட்டுவிட்டன. சீராகச் சமன்படுத்திய மண்தரைகள், அவற்றின் ஓரத்தில் ஒரு தபால்பெட்டி, சில இடங்களில் மட்டும் புதிதாக எழும் மரச்சட்டங்கள். "ஆல்டடீனா விற்பனைக்கு அல்ல" என்ற பலகை தெருவுக்குத் தெரு நிற்கிறது. இமயமலையைப் பூர்வீகமாகக் கொண்ட, 1880-களில் இங்கே வளர்க்கப்பட்ட தேவதாரு மரங்கள் ஒரு தெருவின் இருபுறமும் பெரும்பாலும் தப்பி நிற்பதைப் பார்த்தபோது, தொலைதூரத்து உறவினரைச் சந்தித்தது போலிருந்தது.

நண்பகலில் சாலையோர வண்டியில் டாக்கோ வாங்கினோம். ஒன்று மூன்றரை டாலர். இரண்டு தின்றாலே வயிறு நிறைகிறது. எங்களோடு வரிசையில் நின்ற முதியவர், நாங்கள் வெளியூர் என்று தெரிந்ததும் தாமாகவே பேச ஆரம்பித்தார். அவர் வீடு தப்பியது. வீட்டின் பின்புறச் சரிவில் ஆரஞ்சு உடுப்பணிந்த குழு ஒன்று பகலும் இரவும் புதர்களை வெட்டி, வேரைத் தோண்டி, வெறும் மண் தெரியும்வரை சுரண்டியதை அவர் திரும்பி வந்தபோது பார்த்தாராம். மஞ்சள் உடுப்பு என்றால் சம்பளத் தீயணைப்பாளர், ஆரஞ்சு என்றால் சிறைவாசி என்பது இங்கே சிறுவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு பாத்திரம் நிறையக் காப்பி போட்டுக் கொண்டுபோயிருக்கிறார். குழுவோடு இருந்த அதிகாரி, மிகுந்த பணிவோடுதான், அவர்களுக்கு வெளியார் எதையும் கொடுக்கக்கூடாது என்று மறுத்துவிட்டாராம். "என் வீட்டைக் காப்பாற்றியவர்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்க எனக்கு உரிமை இல்லை" என்று சொல்லிவிட்டு, அந்தப் பேச்சை அங்கேயே விட்டு, எந்தச் சட்னி காரம் என்று எனக்கு விளக்கத் தொடங்கிவிட்டார்.

இந்தப் பயணத்தில் கடலும் மலையும் பார்ப்பதுதான் என் திட்டம். அந்த முதியவரின் காப்பிப் பாத்திரம் திட்டத்தை மாற்றிவிட்டது. மதுரையில் நெடுங்காலம் குற்றவியல் வழக்குகள் நடத்தியவன் நான். சிறை என்ற சொல் காதில் விழுந்தால் வேறெதையும் பார்க்க முடியாத ஒரு நோய் எனக்கு உண்டு.

இரவு அண்ணன் மகள் சில விவரங்களைத் தேடி எடுத்துத் தந்தாள். ஜனவரித் தீக்களின்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறைவாசிகள் களத்தில் இருந்தார்கள். பாசடீனாவின் பெரிய விளையாட்டரங்கமான ரோஸ் போல் வளாகம்தான் ஈட்டன் தீக்கான தளமுகாம். இதுபோன்ற முகாம்களில் சமைத்துப் போடும் நடமாடும் சமையற்கூடங்களிலும் சிறைவாசிகள் வேலை செய்கிறார்கள். ஆக, அவர்கள் வெட்டிய தடுப்புக்கோட்டின் இந்தப் பக்கம் ஊர் தப்பியது. அவர்கள் ஆக்கிய சோற்றை மஞ்சள் உடுப்புக்காரர்களும் உண்டார்கள். அப்போது அவர்களுக்குத் திறமைக்கேற்ப நாளொன்றுக்கு 5.80 முதல் 10.24 டாலர் வரை கூலி; தீக்களத்தில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூடுதலாக ஒரு டாலர். கடைநிலைக் கூலிக்காரர் 24 மணி நேரம் தீயின் முன் நின்றால் முப்பது டாலருக்கும் சற்றுக் குறைவு. நாங்கள் மூவர் தின்ற டாக்கோவும் குடித்த பழச்சாறும் ஏறக்குறைய அவ்வளவு.

அக்டோபர் 25, சனி: மாலிபு

கடற்கரைச் சாலையில் வாகன நெரிசல் தாங்க முடியவில்லை. அதே ஜனவரியில் பற்றிய பாலிசேட்ஸ் தீ அழித்த கடலோர வீடுகளின் இடத்தில் இப்போது கான்கிரீட் தூண்கள் மட்டும் நீரில் நிற்கின்றன. இதற்குமுன் சாலையிலிருந்து கடலே தெரியாது, செல்வர்களின் வீட்டுச் சுவர்தான் தெரியும் என்றாள் அண்ணன் மகள். வண்டி நிறுத்தப் பதினைந்து டாலர், ஒரு தட்டு வறுத்த மீனுக்கு இருபத்தாறு டாலர். மீனில் உப்பில்லை, அதைச் சொன்னதற்குப் பரிமாறிய இளைஞர் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். காற்று நண்பகல்வரை குளிர்ந்திருந்து, பிறகு திடீரென்று திசை மாறி மலைப்பக்கமிருந்து சூடாக அடித்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஒரு கணம் கைப்பேசியை எடுத்துப் பார்த்ததை நான் கவனித்தேன்.

பிற்பகலில் என்சினல் கேன்யன் சாலையில் மேலேறினோம். தீயணைக்கும் சிறைவாசிகள் தங்கும் மாலிபு முகாம், எண் 13, அங்கே இருக்கிறது. மரங்களுக்கிடையே தாழ்ந்த கட்டடங்கள். மதிலோ மின்வேலியோ இல்லை. பெயர்ப்பலகை இல்லாவிட்டால் ஏதோ சாரணர் பாசறை என்று நினைத்துக் கடந்திருப்போம். நாங்கள் வண்டியை நிறுத்தவில்லை. வேகத்தைச் சற்றுக் குறைத்தோம், அவ்வளவுதான்.

2016 பிப்ரவரியில், இங்கிருந்து புறப்பட்ட பெண்கள் குழுவில் 22 வயதுப் பெண் ஒருவர் இருந்தார். பக்கத்திலேயே, பத்து ஏக்கர் அளவேயான சிறு தீ. மேலே சரிவிலிருந்து உருண்டு வந்த பாறை தலையில் விழுந்து அவர் இறந்தார். இம்மாநிலத்தில் பெண்கள் இந்தப் பணிக்கு எடுக்கப்பட்டது 1983-இல். தீக்களத்தில் உயிரிழந்த முதல் பெண் சிறைவாசி இவர்தான். மறு ஆண்டில் ஆண்கள் இருவர் இறந்தனர்: ஒருவர் மீது மரம் சாய்ந்தது, மற்றவர் ரம்பத்தால் உண்டான காயத்தால் மாண்டார். இவர்கள் மூவருக்கும் நீதிமன்றம் விதித்தது சில ஆண்டுச் சிறை மட்டுமே. எந்த நீதிபதியும் தீர்ப்பில் பாறையையும் மரத்தையும் எழுதவில்லை.

அண்ணன் மகள் ஒப்புக்கொள்ளவில்லை. "சித்தப்பா, யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்பவில்லையே, கையெழுத்துப் போட்டுத்தானே வருகிறார்கள்?" என்றாள். இது உண்மை. கொலைகாரர்களை ஏதோ சங்கிலியில் பிணைத்து நெருப்பில் தள்ளுகிறார்கள் என்று ஊரில் யாராவது நினைத்தால் அது தவறு. குறைந்த பாதுகாப்பு வகையினர், எட்டு ஆண்டுக்கு மேல் தண்டனை மீதமில்லாதவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். தீவைப்பு, பாலியல் குற்றம், தப்பியோடிய வரலாறு இருந்தால் இடமில்லை. உடல்தகுதித் தேர்வு உண்டு. இவ்வளவு வடிகட்டிய பிறகுதான் ரம்பத்தையும் கோடரியையும் கையில் கொடுத்து, மதில் இல்லாத இடத்தில் தங்க வைத்து, குடியிருப்புகளின் கொல்லைப்புறத்துக்கு அழைத்து வருகிறார்கள். அவளுக்கு அப்போது நான் கேட்டது ஒன்றுதான்: இவ்வளவு நம்பத்தக்கவர் என்றால், அவர் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறார்?

அக்டோபர் 26, ஞாயிறு: வல்யெர்மோ

மலைத்தொடரைச் சுற்றிக்கொண்டு அதன் வடபுறத்துக்குப் போனோம். அங்கே நிலம் வேறு: பாலை, யோஷுவா மரங்கள், நீளநீளமான நேர்ச்சாலைகள். வாடகை வண்டியில் டயர்க்காற்றுக் குறைவைக் காட்டும் விளக்கு எரியத் தொடங்கி, அதை நிரப்ப ஊர் ஊராகத் தேடியதில் காலை கழிந்தது. ஒரு நிலையத்தில் காற்றடிக்க இரண்டரை டாலர் கேட்டது இயந்திரம். பணத்தை விழுங்கிவிட்டுக் காற்றுத் தர மறுத்தது. பக்கத்தில் எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்த மெக்சிகோக்காரர் தம் வண்டியிலிருந்து கைப்பம்பை எடுத்து வந்து, வியர்க்க வியர்க்க அடித்துக் கொடுத்துவிட்டு, நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்.

வல்யெர்மோவில் பெனடிக்ட் சபைத் துறவியரின் மடம் ஒன்று இருக்கிறது. சிறு குளமும் நெடிய காட்டன்வுட் மரங்களும் மஞ்சளாகப் பழுத்த இலைகளும் பாலைக்கு நடுவே எதிர்பாராத குளிர்ச்சி. அங்கிருந்து சற்றுத் தொலைவில் ஃபென்னர் கேன்யன் முகாம், எண் 41. மாநிலத்தில் இதுபோல் 35 முகாம்கள் இருக்கின்றன. 1915-இல் சாலை போடக் கைதிகளை அனுப்பியதில் தொடங்கிய பழக்கம் இது. இரண்டாம் உலகப்போரில் வனத்துறை ஆட்கள் படைக்குப் போனபோது கைதிகள் அந்த இடத்தை நிரப்பினார்கள். 1946-இல் ரெயின்போ என்ற இடத்தில் முதல் நிரந்தர முகாம் வந்தது. போர் முடிந்தது, ஏற்பாடு முடியவில்லை.

பேர்பிளாசம் ஊரில் பேரீச்சம்பழப் பால் குடிக்க ஒரு கடையில் நின்றோம். கோடைக்கு ஏற்ற பானம்; ஆனால் ஒரு குவளையில் நம் ஊர்க் குடும்பத்துக்கே போதுமான சர்க்கரை. அடுத்த மேசையில் ஒரு தாயும் இரண்டு சிறுமிகளும். முகாமில் இருக்கும் மகனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பதைச் சிறுமிகள்தான் எங்களிடம் சொன்னார்கள். தாய் முதலில் சங்கடப்பட்டார். நான் வழக்கறிஞன், வேறு நாட்டான், எதையும் விசாரிக்க வரவில்லை என்று தெரிந்ததும் மனம்விட்டுப் பேசினார்.

அவர் சொன்னதை உள்ளபடியே எழுதவேண்டும், ஏனென்றால் அது என் நேற்றைய வாதத்துக்கு எதிரானது. முன்பிருந்த சிறையில் மகனைப் பார்க்கப் போனால் ஆரவாரத்துக்கு நடுவே கத்திப் பேசவேண்டும். ஒருமுறை அங்கு நடந்த கலவரத்தால் சந்திப்பே இரத்தாயிற்று. இங்கே மரத்தடி மேசையில் உட்கார்ந்து, அடுப்பில் இறைச்சி வாட்டி, பேத்திகளோடு சேர்ந்து உண்ண முடிகிறது. மகன் உடல் தேறியிருக்கிறான். தன்னை ஒருவன் மதித்து "நன்றி" என்று சொன்னது வாழ்க்கையில் முதல்முறை என்று அவரிடம் சொன்னானாம். இங்கே கழிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தண்டனையில் இரண்டு நாள் கூடுதலாகக் கழிகிறது. பெரியவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போவதற்குள் அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். "நீங்கள் எதையாவது எழுதினால், இதை மூடச் சொல்லி மட்டும் எழுதிவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டார். காற்று அடிக்கும் நாள்களில் தூங்குவீர்களா என்று கேட்டேன். சிறுமிகளைப் பார்த்துவிட்டு, இல்லையென்று தலையை மட்டும் அசைத்தார்.

திரும்பும் வழியெல்லாம் இதே சிந்தனை. எங்கள் சாட்சியச் சட்டத்தில், காவல்துறை அதிகாரியிடம் ஒருவர் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்காது. அவர் மனமுவந்துதான் சொன்னார் என்று எத்தனை பேர் சத்தியம் செய்தாலும் பயனில்லை. கதவைப் பூட்டி வைத்திருப்பவரின் முன்னிலையில் சொல்லும் சம்மதம் எவ்வளவு சம்மதம் என்று அளக்க முடியாது என்பதே அதன் அடிப்படை. வெள்ளைக்காரன் எழுதிவைத்த விதி. வேறு பலவற்றில் அவனோடு எனக்குச் சண்டை உண்டு, இதில் இல்லை. அந்தத் தாயின் மகன் முகாமைத் தேர்ந்தெடுத்தது உண்மை. ஆனால் அவன் முன் இருந்த இன்னொரு வாசல் கலவரமும் இரைச்சலும் நிறைந்த சிறை. அந்த வாசல் எவ்வளவு மோசமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு இந்தப் பக்கம் ஆட்கள் "விருப்பத்தோடு" வருவார்கள். இரண்டு வாசலையும் கட்டி வைத்திருப்பது ஒரே அரசு.

அக்டோபர் 27, திங்கள்: பேக்கர்ஸ்ஃபீல்டு, ஃப்ரெஸ்னோ

இன்றிலிருந்து தனியாக ஓட்டுகிறேன். 99-ஆம் எண் நெடுஞ்சாலையின் இருபுறமும் பாதாம் தோப்புகள், திராட்சைப் பந்தல்கள், புழுதி. பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே பஞ்சாபியர் நடத்தும் லாரி நிறுத்தத்து தாபாவில் இரண்டு முள்ளங்கிப் பராத்தாவும் தயிரும் தேநீரும் பதினைந்து டாலர். இந்தப் பயணத்தில் காரம் சரியாக இருந்த முதல் உணவு. கல்லாவில் இருந்த அம்மையார் என்னை "பாய்சாப்" என்று அழைத்து, இன்னொரு கரண்டி ஊறுகாயைக் கேளாமலே வைத்தார்.

ஃப்ரெஸ்னோவில் சாலையோரம் மாதுளை விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஓர் உணவகத்தில், அண்ணன் மகளின் தோழி மூலமாக ஏற்பாடு செய்திருந்த சந்திப்பு. வந்தவர் முப்பத்தைந்து வயதிருக்கும், அகன்ற தோள், மிக மெல்லிய குரல். தீக்குழுவில் இருந்து, விடுதலையாகி, இப்போது மின்கம்பிகளை உரசும் கிளைகளை வெட்டும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறார். நான் கேட்காமலேயே மேசைமேல் உப்புப் புட்டி, மிளகுப் புட்டி, கரண்டி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக் குழு நடக்கும் முறையைக் காட்டினார். பன்னிரண்டு முதல் பதினேழு பேர், தீயணைப்புத் துறையின் தலைவர் ஒருவர். முன்னால் ரம்பக்காரர், அவருக்குப் பின்னால் வெட்டி விழுவதை இழுத்துத் தள்ளுகிறவர், அடுத்து கோடரியும் களைவெட்டியும் ஒரே காம்பில் பொருத்திய புலாஸ்கி ஏந்தியவர்கள், கடைசியில் மண்வெட்டியும் வாரியும் சேர்ந்த மெக்லவுட் கருவியோடு தரையைச் சுரண்டுகிறவர்கள். தண்ணீர்க் குழாய் எட்டாத செங்குத்துச் சரிவுகளில் தீயை நிறுத்துவது இந்தச் சுரண்டிய கோடுதான். தொலைக்காட்சியில் விமானம் மருந்து கொட்டுவதைக் காட்டுவார்கள், கோடு வெட்டுவதைக் காட்டமாட்டார்கள் என்றார்.

பணத்தைப் பற்றிக் கேட்டேன். கூலி குறைவு என்பது அவருக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை. சிறைக்குள் பெரும்பாலான வேலைகளுக்கு மணிக்கு ஒரு டாலர்கூடக் கிடைப்பதில்லை, அதோடு ஒப்பிட்டால் தீக்குழு பணக்காரத் தொழில். அந்தக் கூலியிலும், இழப்பீடு விதிக்கப்பட்டவர்களிடம் பாதிவரை பிடித்துவிடுவார்கள். அவரை வருத்தியது விடுதலைக்குப் பின் நடந்தது. நகரத் தீயணைப்புத் துறைகள் அவசர மருத்துவ உதவியாளர் சான்றிதழ் கேட்கின்றன. பெருங்குற்றத் தண்டனை பெற்றவர் அந்தச் சான்றிதழுக்காகப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். நேற்றுவரை எந்தத் தீயில் நின்றாரோ, அதே தீயில் சுதந்திர மனிதராக நிற்க அவருக்குத் தகுதியில்லை. 2020 செப்டம்பரில் ஒரு சட்டம் வந்தது: தீக்குழுவில் பணியாற்றியவர் தம் குற்றப்பதிவை நீக்கக் கோரி மனுச் செய்யலாம். மனுதான், முடிவு நீதிபதியின் கையில். காடுசார்ந்த தீக்குழுக்களில் அந்தச் சான்றிதழ் இல்லாமலும் சேரலாம், சிலர் சேர்ந்தும் இருக்கிறார்கள். ஆனால் அவை வருடத்தில் பாதிக்காலம் வீட்டைவிட்டுப் போகும் வேலைகள், இவருக்கோ கைக்குழந்தை. அதே 2020-இல், அகதியாகச் சிறுவயதில் வந்து தீக்குழுவில் உழைத்த லாவோஸ் நாட்டவரை, தண்டனை முடிந்த கையோடு குடியேற்ற அதிகாரிகளிடம் ஒப்படைத்ததையும் அவர்தான் நினைவூட்டினார்.

காப்பிக்கும் ஆப்பிள் பணியாரத்துக்கும் அவரே பணம் கொடுத்தார். நான் பர்ஸை எடுத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார், விருந்தாளி கொடுக்கக்கூடாதாம்.

இரவு விடுதியில் பழைய வழக்கு ஒன்றைத் தேடி வாசித்தேன். இம்மாநிலச் சிறைகளின் நெரிசல் அரசியல் சட்டத்துக்கே புறம்பானது என்று 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆட்களைக் குறைக்கும் வழிகளில் ஒன்றாக, தீக்குழுவினருக்குத் தரும் தண்டனைக் கழிவைக் குறைந்த பாதுகாப்புச் சிறைவாசிகள் எல்லோருக்கும் தரலாம் என்ற பேச்சு வந்தது. 2014-இல் மாநில அரசின் வழக்கறிஞர்கள் அதை எதிர்த்துச் சொன்ன காரணங்களில் ஒன்று: அப்படிச் செய்தால் தீ முகாம்களுக்கு ஆள் கிடைக்காமல் போகும். அப்போது மாநிலத்தின் தலைமை வழக்குரைஞராக இருந்தவர், துளசேந்திரபுரம் தன் பேத்தி என்று கொண்டாடும் கமலா ஹாரிஸ். தம் அலுவலகம் இப்படி வாதாடியது தமக்குத் தெரியாது, அறிந்து அதிர்ந்தேன் என்று பின்னர் அவர் சொன்னார். நம்புகிறேன், எந்த அரசு அலுவலகத்திலும் தலைவருக்குத் தெரியாமல் நிறைய எழுதப்படும். என்னை நிறுத்தியது எழுதியவரின் நேர்மைதான். நல்லவராகிவிட்ட, உடல் வலுவுள்ள, ஆபத்தில்லாத கைதியை வெளியே விட்டால் அரசுக்கு நட்டம் என்பதை ஒளிக்காமல் நீதிமன்றத்திலேயே வைத்துவிட்டார்கள். மாலிபுச் சாலையில் அண்ணன் மகளிடம் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்: ஜேம்ஸ்டவுன்

சியரா மலையடிவாரத்தில் தங்க வேட்டைக் காலத்துச் சிற்றூர். மரத்தாலான நடைபாதை, பழைய இரயில் பட்டறை அருங்காட்சியகம், ஓக் மரங்கள். இரவுக் குளிர் எதிர்பார்த்ததைவிட அதிகம். அறையின் வெப்பமூட்டி இரவு முழுவதும் முனகியதே தவிரச் சூடு தரவில்லை. வரியோடு நூற்று நாற்பது டாலர். விடுதி நடத்தும் மூதாட்டி காலையில் தாமே இரண்டு கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்து, இருபது டாலரைத் திருப்பியும் தந்தார்.

ஊருக்குச் சற்று வெளியே சியரா கன்சர்வேஷன் சென்டர் என்ற பெரிய சிறை. தீ முகாம்களுக்குப் போகும் ஆண்கள் இங்கேதான் பயிற்சி பெறுகிறார்கள்: வகுப்பறையில் நான்கு நாள், களத்தில் நான்கு நாள். வடக்கே சூசன்வில்லில் இருந்த இன்னொரு பயிற்சிச் சிறை 2023-இல் மூடப்பட்டுவிட்டது. விடுதி மூதாட்டிக்கு அந்த மூடல் நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஊரின் கடைகள் என்ன ஆயின என்று வரிசையாகச் சொன்னார். அவருடைய மருமகன் இங்குள்ள சிறையில் காவலர். சிறைவாசிகள் தீயணைப்பது சரியா என்று கேட்டபோது, என் கேள்வியே அவருக்கு விநோதமாக இருந்தது. "இங்கே எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் அவர்களை வைத்துத்தான் பிழைக்கிறோம்" என்றார். அதில் குற்றவுணர்வும் இல்லை, பெருமையும் இல்லை. மழை பெய்தால் ஆறு ஓடும் என்பது போன்ற குரல்.

மாநில அரசும் இதே கணக்கைத்தான் பெரிய அளவில் போடுகிறது. இந்தத் திட்டத்தால் ஆண்டுக்குச் சுமார் பத்துக் கோடி டாலர் மிச்சமாகிறது என்று அதிகாரிகளே பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். இருபது ஆண்டுக்கு முன் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் இருந்தனர். சிறு குற்றங்களுக்குச் சிறை குறைந்தபின் அது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. 2020-இல் எட்டு முகாம்களை மூட வேண்டியதாயிற்று. காடு எரிவது கூடிக்கொண்டே போகும் காலத்தில், சிறை சுருங்கினால் தீயணைக்க ஆளில்லை என்ற நிலைக்கு ஒரு மாநிலம் தன்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அந்தப் பேர்பிளாசம் தாய் கேட்டுக்கொண்டபடி முகாம்களை மூடச் சொல்ல எனக்கும் மனமில்லை. மரத்தடி மேசையும், இறைச்சி வாட்டும் அடுப்பும், மதில் இல்லாத வாழ்வும் தீயில் நிற்க ஒப்புக்கொண்டதற்கான பரிசாக இருக்கக்கூடாது என்பதே என் வாதம். அவை ஆபத்தில்லாத எல்லாச் சிறைவாசிகளுக்கும் கிடைக்கட்டும். தண்டனைக் கழிவும் அப்படியே கிடைக்கட்டும். அதன் பிறகும் தீக்களத்துக்குப் போக முன்வருகிறவர் மஞ்சள் உடுப்புக்காரர் வாங்கும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போகட்டும். அப்போது போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று ஏற்க எனக்குத் தடையில்லை. ஆள் குறையும்தான். குறைந்தால் அரசு வெளியிலிருந்து ஆள் எடுக்கவேண்டும், உரிய விலை கொடுத்து.

மூதாட்டியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் சுட்டுத் தந்த சோளரொட்டி அவ்வளவு நன்றாக இருந்தது.

அக்டோபர் 29, புதன்: சாக்ரமெண்டோ

தலைநகரில் வெயில் இதமாக இருந்தது. சட்டமன்றத்தைச் சுற்றியுள்ள பூங்காவில் ஆரஞ்சு மரங்கள், காய்கள் இன்னும் பச்சையாக. மதியம் ஒரு வியட்நாமியக் கடையில் சூப்பும் நூடுல்சும். பதினாறு டாலருக்குப் பெரிய கிண்ணம், பாதியைக் கட்டிக்கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் 1865-ஆம் ஆண்டுத் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தபோது, குற்றத்துக்குத் தண்டனையாக விதிக்கும் கட்டாய உழைப்பை மட்டும் விலக்கி வைத்தது. கலிஃபோர்னியாவின் சொந்த அரசியல் சட்டத்திலும் அதே விலக்கு இருக்கிறது. அதை நீக்கலாமா என்று 2024 நவம்பரில் மக்களைக் கேட்டார்கள். எதிர்த்து வாக்காளர் கையேட்டில் வாதம் எழுதித்தரக்கூட எவரும் முன்வரவில்லை. ஆனாலும் 53 சதவீதத்துக்கும் மேலானோர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். பக்கத்து மாநிலமான நெவாடா அதே நாளில் இதேபோன்ற விலக்கைத் தன் சட்டத்திலிருந்து நீக்கியது. இரண்டு மாதம் கழித்து லாஸ் ஏஞ்சலிஸ் எரிந்தது. ஆரஞ்சு உடுப்புக்காரர்களின் படங்கள் உலகமெங்கும் சுற்றின.

அந்தப் படங்களின் விளைவோ என்னவோ, இந்த அக்டோபர் 13-ஆம் தேதிதான் ஆளுநர் நியூசம் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். சட்டமன்ற உறுப்பினர் ஐசக் பிரையன் கொண்டுவந்தது. தீக்களத்தில் இருக்கும் சிறைவாசிக்கு இனி மணிக்கு 7.25 டாலர். முதலில் முன்வைத்தது 19 டாலர், பேரத்தில் குறைந்துவிட்டது. 7.25 என்பது நாடு முழுமைக்குமான குறைந்தபட்சக் கூலி. இந்த மாநிலத்தில் 2025-இல் உணவுக்கடையில் தட்டு கழுவினாலும் 16.50 டாலருக்குக் குறையாமல் தரவேண்டியிருந்தது. இருந்தும் இது சிறிய செய்தியில்லை. 24 மணி நேரப் பணிக்கு முப்பது டாலர்கூடப் பெறாதவர் இனி 174 டாலர் பெறுவார். 1998-இல் நம் உச்ச நீதிமன்றம், கடுங்காவல் கைதிக்கும் நியாயமான கூலி தரவேண்டும், அதில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டோருக்கு ஒதுக்கவேண்டும் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் சிறைகளில் எவ்வளவு நடைமுறைக்கு வந்தது என்று நன்றாகத் தெரிந்தவன் என்பதால், எண்ணைச் சட்டத்திலேயே எழுதிவிட்ட இந்த ஊர்க்காரர்களை நான் கேலி செய்யமாட்டேன்.

விமானம் நாளை மாலை. ஃப்ரெஸ்னோ நண்பருக்குச் சட்டத்தின் வாசகத்தைக் கைப்பேசியில் அனுப்பிவைத்தேன். படித்துவிட்டு உடனே அழைத்தார். மகிழ்ச்சிதான், முகாமில் இருக்கும் பழைய கூட்டாளிகள் சிலருக்கு இது வீட்டு வாடகை முன்பணமாகும் என்றார். பிறகு, தீக்குழு வருடத்தில் பெரும்பகுதி செய்வது தீ வராமல் தடுக்கும் வேலை என்று விளக்கினார்: சாலையோரப் புதர் வெட்டுவது, காய்ந்த மரம் சாய்ப்பது, பள்ளிகளைச் சுற்றித் தடுப்புக்கோடு போடுவது. அதே ரம்பம், அதே சரிவு, விழுகிற அதே மரம். மணிக்கூலி செயலில் இருக்கும் தீக்கு மட்டுமே. தீ அணைந்தது என்று அறிவித்த மறுநாள் காலையில் அவர்கள் மீண்டும் நாளொன்றுக்கு 5.80 டாலருக்குப் புதர் வெட்டப் போவார்கள்.